பழக்கம் வேரூன்றும் விதம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநருக்குத் தொடக்கத்தில் ஒவ்வொரு வளைவும் ஒரு சோதனையே. நாளடைவிலோ, எண்ணுவதற்கு முன்பே கைகள் திரும்பிவிடுகின்றன. மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகள் அச்செயலைப் படிப்படியாகத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்கின்றன. நற்பழக்கமும் தீய பழக்கமும் இவ்வழியிலேயே வேரூன்றுகின்றன.

21 நாட்களில் எச்செயலும் பழக்கமாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கூறுகிறது. அதில் 96 பேர், உணவுடன் பழம் உண்பது போன்ற ஏதேனும் ஒரு செயலை 12 வாரங்கள் மேற்கொண்டனர். அச்செயல் இயல்பாகவே நிகழும் நிலையை எட்ட 18 முதல் 254 நாட்கள் வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. நடுமட்ட அளவு 66 நாட்கள்.

இடையில் ஒரு நாள் தவறியதால் முயற்சி வீணாகவில்லை என்பதும் அவ்வாய்வில் தெளிவாயிற்று. அதிகாலையில் எழத் தொடங்கும் பலர், ஒரு நாள் தவறியதும் 'நம்மால் இயலாது' என்று அனைத்தையும் கைவிடுகின்றனர். உண்மையில் அந்த அவநம்பிக்கையே அவர்களை வீழ்த்துகிறது. தவறிய நாளை எண்ணி வருந்தாமல் மறுநாளே மீண்டும் தொடங்குபவர், விட்ட இடத்திலிருந்தே முன்னேறுகிறார்.