குறுஞ்செய்திக்கும் வேளை உண்டு

விற்பனைச் செய்தியைத் தண்டோராப் போட்டு அறிவித்த காலம் மறைந்து, கைப்பேசிக் குறுஞ்செய்தி வந்துள்ளது. ஆயினும் நள்ளிரவில் தண்டோராப் போடுவார் எவருமிலர். அந்த மரியாதையைக் குறுஞ்செய்தியிலும் நாம் காத்தல் வேண்டும்.

சட்டம் கூறுவது யாது? இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2010-ஆம் ஆண்டு வகுத்த விதிகள், இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பரச் செய்திகளைத் தடுத்தன. அவற்றிற்குப் பதிலாக 2018-ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி, எவ்வகை விளம்பரம், எந்நாளில், எந்நேரத்தில் வரலாம் என்பதை வாடிக்கையாளரே 1909 என்ற எண்ணின் வாயிலாகத் தெரிவிக்கலாம். அனுப்பும் சங்கமோ தன் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்னரே பதிவு செய்தல் வேண்டும். சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து விளம்பரங்களை அனுப்பிப் புகாருக்கு உள்ளானால், இணைப்பே துண்டிக்கப்படலாம். அவ்வாறாயின் பஞ்சு வியாபாரியும் சாயப்பட்டறைக்காரரும் நம்மை அழைக்க இயலாது, தறியும் நின்றுவிடும்.

ஆகவே, காலை 10 மணிக்குப் பின்னும் மாலை விளக்கேற்றும் வேளைக்கு முன்னும் அனுப்புதலே நன்று. நாளையும் ஆராய்தல் வேண்டும். மார்கழியில் திருமணங்கள் நடைபெறுவதில்லை. தையில் முகூர்த்தங்கள் தொடங்கும். பட்டுச் சேலை பற்றிய செய்தி மார்கழிப் பிற்பாதியில் சென்றால், குடும்பத்தார் கலந்து பேசி முடிவு செய்ய அவகாசம் இருக்கும். தீபாவளிக்கு முதல் நாள் அனுப்பும் செய்தியால் பயனில்லை. மூன்று வாரங்களுக்கு முன் சென்றதே கடைக்கு ஆளை அழைத்து வரும்.

மஞ்சள் ஏல நாள், நெசவுக் கூலி வரவு ஆகியவை அங்கத்தினர் எதிர்நோக்கும் சேவைச் செய்திகள். அவற்றின் அடியில் தள்ளுபடி விளம்பரத்தைச் சேர்த்தல் தவறு. சேர்த்தால் அதுவும் விளம்பரமாகவே கொள்ளப்படும். அங்கத்தினரும் நாளடைவில் அதனைப் படியாது விடுவர். ஏல நாளைத் தவறவிட்டு நட்டமடைவர்.

சங்கச் செயலாளர்கள் செய்ய வேண்டுவன மூன்று: வாடிக்கையாளரிடம் எண் பெறும்போதே அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெறுக, வேண்டாமென்றவர் பெயரை அன்றே பட்டியலிலிருந்து நீக்குக, மாதத்திற்கு இரண்டு செய்திகளுக்கு மேல் அனுப்பாதீர். ஒரு சேலை விற்பதினும், அதனை வாங்கியவர் மறு ஆண்டும் நம்மை நாடி வருதலே சங்கத்தின் மூலதனமாகும்.