செயற்கை அறிவுத் தொழிலின் புதுப்போக்கு: வணிகர்களுக்கு ஒரு பாடம்



1786-இல் பிரான்சிஸ் லைட் தீர்வையில்லாத் துறைமுகமாகத் திறந்த பினாங்கு, 1969-இல் அச்சலுகையை இழந்தது. அதனையே நம்பி நடந்த வியாபாரம் தளர்ந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸுக்கு இண்டெல் போன்ற கம்பெனிகள் வந்தன. ஊரின் பிழைப்பு வேறு வழியில் திரும்பியது. சலுகை என்பது கொடுத்தவர் விருப்பத்தைப் பொறுத்தது என்பதை நம் தீவு அன்றே கண்டது. இன்று செயற்கை அறிவை விற்கும் கம்பெனிகளின் போக்கிலும் இதே பாடம் இருக்கிறது.

இத்தொழிலில் இருவகைச் செலவு உண்டு. இயந்திரத்துக்குக் கற்பிப்பது ஒன்று; கற்ற இயந்திரம் நாள்தோறும் விடை சொல்ல ஆகும் செலவு மற்றொன்று. முன்னது கடை கட்டப் போடும் முதல் போன்றது. பின்னது கடை வாடகையும் விளக்குச் செலவும் போன்றது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், மிகப்பெரிய இயந்திரத்தை யார் கட்டுவது என்பதே போட்டியாக இருந்தது. 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் கம்பெனி, குறைந்த செலவில் செய்ததாகக் கூறிய இயந்திரத்தை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. அம்மாதம் 27-ஆம் தேதி ஒரே நாளில் என்விடியா கம்பெனியின் பங்கு மதிப்பு ஏறத்தாழ 59,000 கோடி டாலர் குறைந்தது.

பெரிய கம்பெனிகள் அதனால் முதல் போடுவதை நிறுத்திவிடவில்லை. ஆயினும், விடையொன்றுக்கு ஆகும் செலவைக் குறைப்பதும், போட்ட முதலைத் திரும்ப எடுப்பதும் இப்போது முன்வரிசைக்கு வந்துவிட்டன. 2015-இல் லாபநோக்கற்ற அமைப்பாகத் தொடங்கிய ஓப்பன்ஏஐ, 2019-லேயே லாபம் ஈட்டும் கிளை ஒன்றை அமைத்துக்கொண்டது. முதலிட்டவர் லாபம் கேட்பது வியாபார நியாயமே. அதைக் கொடுக்கப் போகிறவர் யார் என்பதே நம் கேள்வி.

மேடானிலுள்ள வாடிக்கையாளருக்கு மலாய்க் கடிதம் எழுதவும், சரக்கு இருப்பைக் கணக்கிடவும் நம்மவர் பலருக்கு இவ்வியந்திரம் உதவும். உபயோகிக்க அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் மூன்று காரியங்களை மறவாதிருப்போமாக.

முதலாவது, இலவசம் என்பது வாடிக்கை பிடிக்கும் விலை. நாளை கட்டணம் உயர்ந்தால் கட்டுபடியாகுமா என்று இன்றே கணக்குப் பாருங்கள்.

இரண்டாவது, பற்று வரவு, கொள்முதல் விலை, வாடிக்கையாளர் விலாசம் ஆகியவற்றின் பிரதி நம் கையில் இருக்கட்டும். இரகசியமானவற்றை இயந்திரத்திடம் கொடுக்குமுன் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

மூன்றாவது, ஒரே கம்பெனியை நம்பியிராமல் இரண்டையேனும் பழகிக்கொள்ளுங்கள். கடைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம். பேரேட்டை அடகு வைக்கலாகாது.