மலை உச்சியில் வீடு... காலை ஓட்டத்தை எங்கே ஆரம்பிப்பது?

"மகளுக்கு இத்தாலியில் சியனா நகரத்தில் வேலை. பேத்தி பிறந்திருக்கிறாள். மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வரப் போகிறோம். வீடு நகரத்துக்குள் இல்லை. மோன்டெரிஜ்ஜோனி என்று பக்கத்தில் ஒரு மலைக்கோட்டைக் கிராமமாம், அங்கே. என் வீட்டுக்காரருக்கு வயது 58. ஆறு வருஷமாகச் சர்க்கரை. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடாவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது. அந்த மலையில் அவர் ஓடலாமா, டாக்டர்?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார்.

ஓடலாம் அம்மா, தாராளமாக ஓடலாம். ஆனால் மைதானத்தில் ஓடின அதே கணக்கில் ஓடக் கூடாது. அந்த ஊரில் நான் நாலு நாள் தங்கி, காலையும் மாலையும் நடந்து பார்த்திருக்கிறேன். அதனால் வழியையும் சொல்கிறேன், வைத்தியத்தையும் சொல்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிற பெற்றோர் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருப்பதால் மற்றவர்களுக்கும் உதவும்.

பகையாளிகளான ஃபிளாரன்ஸ்காரர்களைத் தடுக்க சியனா நகரத்தார் 1213 முதல் 1219க்குள் கட்டிய கோட்டை இது. பெரிய மலை என்று பயப்பட வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 274 மீட்டர்தான். குன்று என்றே சொல்லலாம். உச்சியில் வட்டமாக ஒரு மதில். சுற்றளவு சுமார் 570 மீட்டர். மதிலில் 14 கோபுரங்கள். மகாகவி தாந்தே தன் காவியத்தில் நரகத்து ராட்சதர்களை இந்தக் கோபுரங்களோடுதான் ஒப்பிடுகிறார்! உள்ளே ஒரு சதுக்கம், ஒரு சர்ச், கொஞ்சம் வீடுகள். இந்த வாசலில் நுழைந்து அந்த வாசலில் வெளியே வர மூன்று நிமிஷம் போதும். கல் பாவிய தரை, டூரிஸ்டுகள் கூட்டம் வேறு. ஓடுவதற்கு லாயக்கில்லை.

இத்தாலியில் இப்படி எத்தனையோ பழைய ஊர்கள் மேட்டில்தான் இருக்கின்றன. எதிரி பயம் ஒரு காரணம். இன்னொன்று, பள்ளத்தில் இருந்த சதுப்பு நிலமும் அதில் வந்த காய்ச்சலும். 'மலேரியா' என்ற பெயரே 'கெட்ட காற்று' என்று அர்த்தப்படும் இத்தாலிய வார்த்தைகளிலிருந்து வந்ததுதான். 1897இல் நம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் அந்தக் கிருமியைக் கண்ட பிறகுதான் பழி காற்றை விட்டுக் கொசுவுக்குப் போனது. காரணம் தெரியாமலேயே மேட்டில் குடியேறியவர்கள் புத்திசாலிகள்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பழனி மலைக்குப் போகிறவர் முதலில் ஏறுகிறார், பிறகு இறங்குகிறார். மலை மேலேயே வீடு என்றால் கதை தலைகீழ்! படுக்கையிலிருந்து எழுந்து வந்ததும் சரிவில் இறங்க வேண்டும். ஓடிக் களைத்து, வியர்த்து, தண்ணீர் வற்றிப் போன நேரத்தில் ஏற வேண்டும். உடம்பு எதற்குத் தயாராக இல்லையோ, அதை அந்தந்த நேரத்தில் கேட்கிற பாதை இது. உங்கள் வீட்டுக்காரர் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி இதுதான்.

இறக்கத்தில் ஓடுவது சுலபமாகத்தான் தெரியும். மூச்சு வாங்காது. ஆனால் மூச்சு மிச்சமாகிற இடத்தில் தொடை செலவாகிறது. முன் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பிரேக் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிற மாதிரி. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை பிடித்துக்கொள்ளும். முட்டிச் சிப்பிக்குப் பின்னால் வலி உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். சித்த மருத்துவத்தில் காலை 6 முதல் 10 மணி வரை வாதத்தின் நேரம் என்போம். விறைப்பும் குத்தலும் வாதத்தின் குணம். அந்த வேளையில், குளிரில் விறைத்த காலோடு சரிவில் பாய்வது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

ஆகவே கோட்டை வாசலிலிருந்து அடிவாரம் வரை நடந்தே இறங்கட்டும். அடி சின்னதாக, முட்டி லேசாக மடங்கி, உடம்பு பின்னால் சாயாமல். கீழே வந்த பிறகுதான் ஓட்டம். ஒரு நல்ல செய்தி: தசைக்கு ஞாபகசக்தி உண்டு. கொஞ்சமாக இறங்கிப் பழக்கினால் அடுத்த தடவை வலி குறையும். மதுரையிலிருந்து புறப்படுவதற்கு முன் மூன்று நாலு வாரம், வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படியில் நிதானமாக இறங்கிப் பழகட்டும்.

எந்தப் பக்கம் ஓடுவது?

முதல் மாதத்துக்கு என் சிபாரிசு, மேற்கே சுமார் 4 கிலோமீட்டரில் இருக்கிற அப்பாடியா ஆ ஈசோலா. 1001இல் தோன்றிய மடம். 'ஈசோலா' என்றால் தீவு. சுற்றிலும் சதுப்பாக இருந்ததால் வந்த பெயர். இப்போது அது வற்றி வயலாகிவிட்டது. பாதை பெரும்பாலும் சமதளம், மண்ணும் சரளைக் கல்லும். பழைய யாத்திரைப் பாதையான 'வியா ஃபிராஞ்சிஜேனா' இதே வழியாகத்தான் போகிறது. 990இல் கான்டர்பரி ஆர்ச்பிஷப் சிகெரிக், ரோமிலிருந்து திரும்பும்போது தங்கிய 79 இடங்களைக் குறித்து வைத்தார். அதில் இந்த இடமும் உண்டு. அவர் ஓடவில்லை என்பது வேறு விஷயம்! போய்வர 8 கிலோமீட்டர் ஆகும் என்பதால் ஆரம்பத்தில் பாதியில் திரும்பிவிடலாம்.

தெற்கே அதே யாத்திரைப் பாதை ஓக் மரக் காடுகள் வழியாக சியனாவுக்குப் போகிறது. சுமார் 20 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் அதிகம். வாரம் ஒரு நாள் மகளையோ மருமகனையோ கூட்டிக்கொண்டு நடக்கலாம். தனியாக ஓட வேண்டாம். இலையுதிர், குளிர் காலங்களில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடாமல் காட்டுக்குள் போகவே கூடாது.

அடிவாரத்துத் தார்ச்சாலையில் கவனம். அங்கே வண்டிகள் வலது பக்கமாகப் போகும். எதிரே வருகிற வண்டி கண்ணில் படுகிற மாதிரி நாம் இடது ஓரமாகப் போக வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் கால் தானாக வலப்பக்கம் போகும்; அங்கே அது ஆபத்து.

திரும்பும்போது அடிவாரத்தோடு ஓட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளட்டும். ஏற்றத்தில் முட்டிக்கு அடி குறைவு, ஆனால் இதயத்துக்கு வேலை அதிகம். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலி சில சமயம் வலியாகவே வராது. தாடையில் இழுப்பு, இடது கையில் கனம், காரணமில்லாத குளிர் வியர்வை, மூச்சு முட்டல்... எதுவானாலும் அங்கேயே உட்கார்ந்து 112க்கு போன் போடச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு முன்பே இதய டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னால் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். சித்த வைத்தியன் இதைச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். நாடி பார்க்கிறவனும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் சாஸ்திரத்தில் அடக்கக் கூடாத 14 வேகங்கள் உண்டு. கோபுரங்களும் 14 என்பது தற்செயல்! அந்தப் பதினாலில் இளைப்பு, நீர்வேட்கை, சுவாசம் மூன்றும் ஓடுகிறவருக்கு நேராகப் பொருந்தும். 'வாசல் வந்துவிட்டது, இன்னும் நூறடிதானே' என்று இளைப்பை அடக்கிக்கொண்டு ஏறுவதுதான் பெரும்பாலோர் செய்கிற காரியம். நிற்க வேண்டும். மூச்சு நிதானப்பட்டு, பேச்சு திக்காமல் வந்த பிறகு அடுத்த அடி. தாகம் எடுத்தால் உடனே தண்ணீர். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் சாதாரணமாக 30 டிகிரியைத் தாண்டும். காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவராக இருந்தால் வழியில் சர்க்கரை இறங்கிவிடலாம். வயலுக்கு நடுவில் பெட்டிக்கடை கிடையாது. புறப்படுமுன் குளுக்கோமீட்டரில் பார்க்கட்டும். 100க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். பையில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அவசியம். கை நடுங்கினால், கண் மங்கினால் உடனே வாயில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்துவதோ குறைப்பதோ கூடாது.

தொடைப் பிடிப்புக்கு உளுந்துத் தைலமோ கற்பூராதி தைலமோ இளஞ்சூட்டில் தடவி, அரை மணி கழித்து வெந்நீரில் குளிக்கலாம். சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் சூடு உறைக்காமல் போகலாம். தண்ணீரின் சூட்டை நீங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். தைலப் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பெட்டிக்குள் போடுங்கள்.

அந்தச் சரளைப் பாதையில் பொடிக்கல் ஷூவுக்குள் புகுந்துகொள்ளும். மரத்த பாதத்துக்கு உறுத்துவது தெரியாது. புல்லில் உண்ணிகளும் உண்டு. ஓடி வந்ததும் தினமும் விரலிடுக்கு, உள்ளங்கால், கெண்டைக்கால், முழங்காலின் பின்புறம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாதத்தைக் காட்டட்டும். இல்லையென்றால், அம்மா, அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.