ஓசி மென்பொருளுக்குக் காசு எதற்கு?

நம் சங்க நூலகத்துக்கு ஞாயிறுதோறும் பத்திரிகை படிக்க வரும் பெரியவர் ஒருவர், ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, எங்க மாப்பிள்ளை ஆபீஸ்ல எல்லாமே லினக்ஸ்தானாம். அது ஓசிங்கறார். அப்புறம் பார்த்தா வருஷா வருஷம் அதுக்குப் பணம் கட்டறாங்களாம். ஓசின்னா பணம் எதுக்கு? பணம் கட்டினா அது எப்படி ஓசி?”

கணக்குப் பிரிவுக்காரர் அல்லவா, சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். புணேயில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரிப்பதே என் பிழைப்பு என்பதால், பதில் எழுதும் வேலையை ஆசிரியர் என் தலையில் கட்டினார். நம் வீடுகளில் பலவற்றில் இந்தத் துறையில் ஒரு பிள்ளையாவது இருக்கிறது. ஆகவே பெற்றோரும் சற்றுப் பொறுமையாகப் படிக்கலாம்.

முதலில் ஒரு சொல் குழப்பம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் காசில்லாததையும் குறிக்கும், கட்டில்லாததையும் குறிக்கும். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. லினக்ஸ் அடிப்படையில் கட்டற்ற மென்பொருள். அது பெரும்பாலும் இலவசமாகவும் கிடைக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

மென்பொருளை மனிதர் படிக்கக்கூடிய வரிகளாகத்தான் எழுதுகிறார்கள். அது மூல நிரல். பிறகு அதை இயந்திரத்துக்கு மட்டுமே புரியும் வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். கடையில் விற்பது இந்த இரண்டாவது வடிவம். அதைப் பிரித்துப் பார்த்துத் திருத்துவது ஏறக்குறைய முடியாத காரியம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு 1980 வாக்கில் இதனால் எரிச்சல் மூண்டது. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். பழைய பிரிண்டரில் சிக்கினால், காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கு மூல நிரல் தர மறுத்துவிட்டார்கள். 1983-ல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு இது ஒரு தூண்டுதல். 1989-ல் ஜி.பி.எல். என்ற உரிமப் பத்திரம் வந்தது. அதன் சாரம் இதுதான்: இந்த மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவருக்கு மூல நிரலும், இதே உரிமைகளும் சேர்ந்தே போக வேண்டும்.

விற்கலாம் என்பதைக் கவனியுங்கள். பெரியவர் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் லீனஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991-ல் தொடங்கிய லினக்ஸ் கர்னல் அடுத்த ஆண்டே இந்த உரிமத்தின் கீழ் வந்தது. 1993-ல் தொடங்கிய ரெட்ஹாட் நிறுவனம் அதை மூட்டை கட்டி விற்கப் புறப்பட்டது. முதலில் பெட்டியில் வைத்து விற்றார்கள். 2002-க்குப் பிறகு நிறுவனங்களுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்து, அதற்கு ஆண்டுச் சந்தா வாங்கினார்கள். சந்தா எதற்கு? ஒரு பதிப்பைப் பத்தாண்டு காப்பாற்றுவதற்கு. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், மற்றதெதுவும் கெடாமல் அந்த ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுப்பதற்கு. இந்த இயந்திரத்தில், இந்த டேட்டாபேஸுடன் ஓடும் என்று கையெழுத்திட்டுச் சொல்வதற்கு. இரவு இரண்டு மணிக்கு வங்கி சர்வர் படுத்துவிட்டால் தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் இருப்பதற்கு. மாப்பிள்ளை அலுவலகம் பணம் கட்டுவது மென்பொருளுக்கு அல்ல, பொறுப்புக்கு. அந்தப் பொறுப்புக்கு என்ன மதிப்பு என்றால், 2019-ல் ஐ.பி.எம். ரெட்ஹாட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

இனிதான் சுவாரசியம். மூல நிரல் வெளியில் கிடைக்கும்போது, அதை எடுத்து, ரெட்ஹாட்டின் பெயரையும் சின்னத்தையும் நீக்கிவிட்டு, அப்படியே மறுபடி உருவாக்கினால் என்ன? 2004-ல் சிலர் அதைத்தான் செய்தார்கள். சென்ட்ஓஎஸ் என்று பெயர். ரெட்ஹாட்டில் இருக்கும் பிழைகூட இதிலும் இருக்கும், அவ்வளவு ஒற்றுமை! சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரிகள், சிறு கம்பெனிகள் எல்லாம் இதில்தான் ஓடின. 2014-ல் ரெட்ஹாட்டே இந்தத் திட்டத்தைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டது. 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: 2029 வரை ஓடும் என்று எல்லோரும் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31-உடன் முடிகிறது.

நான் அப்போது இருந்த ஒரு நடுத்தரக் கம்பெனியில், பெயர் வேண்டாம், 60 சர்வர்கள் இதில் ஓடின. 250 பேரின் சம்பளக் கணக்கும் அதில்தான். நிர்வாகத்துக்கு இது ஓசி என்பது மட்டுமே தெரியும். இதற்கென்று ஒரு ரூபாயோ ஓர் ஆளோ ஒதுக்கியதில்லை. அறிவிப்பைக் காட்டிய போது, “இப்ப வேலை செய்யுதுல்ல, அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள். பத்து மாதம் அப்படியே போயிற்று. ஆதரவு முடிந்த பிறகு ஓடும் சர்வர், பூட்டுப் பழுதான வீட்டில் நகையை வைத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. கடைசியில் நவம்பரில், தீபாவளி முடிந்த கையோடு, மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து அல்மாலினக்ஸுக்கு மாற்றினோம். மாற்றும் வேலை பெரிதில்லை. மென்பொருள் எந்தக் களஞ்சியத்திலிருந்து வர வேண்டும் என்ற முகவரிகளை மாற்றித்தரும் சிறு நிரல் அவர்களிடமே இருந்தது. முன்னும் பின்னும் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் நேரம் பிடித்தது.

அல்மாவும் ராக்கியும் சென்ட்ஓஎஸ் இடத்தை நிரப்ப 2021-ல் வந்தவை. ராக்கி என்ற பெயர், சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான, மறைந்த ராக்கி மெக்காவின் நினைவாக வைத்தது. இப்படி இரண்டு மாற்றுகள் ஒரே ஆண்டுக்குள் முளைக்க முடிந்தது எதனால்? மூல நிரலும் உரிமையும் பொதுவில் இருந்ததால். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் விற்பவர் சொன்ன விலைதான். 2023 ஜூனில் ரெட்ஹாட் இன்னொரு திருகு திருகியது. தன் நிறுவனப் பதிப்பின் மூல நிரலை எல்லோருக்குமாக வெளியிடாமல், சந்தாதாரர்களுக்கு மட்டும் என்றது. உரிமம் சொல்வது ‘யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவருக்கு’ என்பதுதானே, ஆகவே எழுத்துப்படி சரி என்பது அவர்கள் வாதம். உணர்வுப்படி சரியா என்று உலகமெங்கும் சண்டை நடந்தது. எழுத்து அவர்கள் பக்கம், நியாயம் பாதிதான் அவர்கள் பக்கம் என்பது என் கட்சி.

‘கிளவுட்’ வந்த பிறகு இந்த எழுத்துச் சண்டை வேறு திசையில் முற்றியது. கிளவுட் என்பது வேறொன்றுமில்லை, யாரோ ஒருவருடைய கணிப்பொறியை வாடகைக்கு எடுப்பது. ஜி.பி.எல். உரிமம் மென்பொருளின் பிரதியைக் கொடுக்கும்போதுதான் மூல நிரலைக் கேட்கிறது. வாடகைக்காரருக்கு யாரும் பிரதி கொடுப்பதில்லை. தன் இயந்திரத்தில் ஓட்டி, பயனை மட்டும் விற்கிறார். சில மென்பொருள்கள் அந்த அளவு நிபந்தனைகூட இல்லாத உரிமத்தில் வெளிவந்தவை. அவற்றை எழுதியவர் ஒரு பக்கம், காசு பார்ப்பவர் மறு பக்கம். இந்தக் கோபத்தில்தான் எலாஸ்டிக் 2021-லும், ஹாஷிகார்ப் 2023-லும், ரெடிஸ் 2024-லும் தங்கள் உரிமத்தை இறுக்கின. உடனே பழைய உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பை எடுத்துக்கொண்டு ஓபன்சர்ச், ஓபன்டோஃபு, வால்கி என்று பங்காளிகள் தனிக்குடித்தனம் போனார்கள். எலாஸ்டிக்கும் ரெடிஸும் பின்னர் ஒரு திறந்த உரிமத்தையும் திரும்பச் சேர்த்துக்கொண்டன. அந்த உரிமம், வலைவழிப் பயன்பாட்டுக்கும் மூல நிரல் தரச் சொல்லும் ஏ.ஜி.பி.எல்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் படிக்கலாம் என்றால் திருடனும் படிக்கலாமே என்பது நியாயமான பயம். ஆனால் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருப்பதை 2024 காட்டியது. லினக்ஸ் கணிப்பொறிகளில் எங்கும் இருக்கும் ஒரு சின்னச் சாமான் எக்ஸ்.இசட்.; கோப்புகளைச் சுருக்கும் வேலை. அதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்தவர் லாஸ்ஸே காலின் என்ற ஒரே ஒருவர், ஓய்வு நேரத்தில், சம்பளமில்லாமல். நம் ஊரில் ஏரி மராமத்துக்கு எல்லோரும் ஆள் அனுப்பிய காலம் போய், மடை திறக்கும் ஒரு கிழவர் தலையில் மொத்த ஏரியும் விழுந்தது போல. 2021-ல் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை பெற்று, சாவி அவர் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் சோதனைக் கோப்பு என்ற போர்வையில் ஒரு கொல்லைப்புறக் கதவைச் செருகினார். அது பரவியிருந்தால், ரகசியச் சாவி வைத்திருப்பவர் உலகின் எண்ணற்ற சர்வர்களுக்குள் கதவைத் தட்டாமலே போகலாம்.

பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நிபுணர். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடி! விடாமல் துருவிக்கொண்டே போய், மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். மூல நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் துருவ முடிந்தது. அந்தக் கதவு சோதனைப் பதிப்புகள் சிலவற்றில் மட்டும் நுழைந்திருந்தது. ரெட்ஹாட்டின் நிறுவனப் பதிப்பில் இல்லை. பழசாக இருக்கிறதே என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்ளும் நிதானத்துக்கும் சேர்த்துத்தான் அந்தச் சந்தா. அதே சமயம், சந்தாவில் கோடிகள் பார்த்தவர்கள் அத்தனை பேரும் சம்பளமில்லாத ஒருவர் முதுகில் ஏறி நின்றார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. 2014-ல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வந்தபோதும் இதே கதைதான்.

செயற்கை நுண்ணறிவில் ‘திறந்த’ என்ற சொல்லைச் சற்றுச் சந்தேகத்தோடே படியுங்கள். அங்கே மூல நிரல் மட்டும் போதாது. கோடிக்கணக்கான எண்களைக் கொண்ட எடைகள் உண்டு, பயிற்சிக்குப் பயன்பட்ட தரவு உண்டு. பலர் எடைகளை மட்டும் கொடுத்துவிட்டுத் திறந்தது என்கிறார்கள். மெட்டா 2023 ஜூலையில் வெளியிட்ட லாமா 2-இன் உரிமத்தில், மாதம் 70 கோடிப் பயனாளருக்கு மேல் உள்ளவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் அப்படி ஒரு வரி இருந்தால் அது கட்டற்றதாகாது. மாறாக, சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு 2023-ல், தமிழ் உட்பட அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்க்கும் இண்டிக்டிரான்ஸ்2-ஐ எளிய திறந்த உரிமத்தில், பயிற்சித் தரவோடு கொடுத்தது.

கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு: ஆயிரக்கணக்கில் வாங்கும் பயிற்சி வகுப்புக்கு உடனே ஓட வேண்டாம். ரெட்ஹாட்டே 2021 முதல், தனிநபருக்கு 16 கணிப்பொறிகள் வரை கட்டணமின்றித் தருகிறது. அல்மாவும் ராக்கியும் எப்படியும் இலவசம். ஒதுக்கிப் போட்ட லேப்டாப் போதும். அதில் தேறிய பின் குபர்நெட்டிஸ் பக்கம் போகலாம். ஒரு பெரிய பயன்பாட்டைப் பல கணிப்பொறிகளில் பரப்பி ஓட்டும் இதை 2014-ல் கூகிள் வெளியிட்டது. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். சான்றிதழ் வேண்டுமென்றால் ரெட்ஹாட்டின் முதல் நிலைத் தேர்வு முழுக்கச் செய்முறை, சரியான விடைக்குப் புள்ளி வைக்கும் கேள்விகள் இல்லை. கணிப்பொறி துவங்கும்போதே இடைமறித்து, கடவுச்சொல் தெரியாமல் உள்ளே நுழைவது அதன் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. வீட்டு லேப்டாப்பில் பத்து முறை செய்து பழகியவருக்கு அது ஐந்து நிமிட வேலை.