உயிரின் நான்கெழுத்து

புதுக்கோட்டை மாவட்டம் கல்வெட்டுகளால் புகழ்பெற்றது. அவற்றுள் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு தனிச் சிறப்புடையது. ஏழாம் நூற்றாண்டினது என அறிஞர் கருதும் அக்கல்வெட்டில், இசைச் சுரங்களைக் குறிக்கும் எழுத்துகள் நான்கு நான்காகப் பிரித்துப் பொறிக்கப்பட்டுள்ளன. முறை அறியாதார்க்கு அது வெறும் எழுத்து வரிசை. அறிந்தார்க்கோ இசை இலக்கணம்.

இதனைப் போன்றதோர் எழுத்து வரிசை ஒவ்வோர் உயிரின் உடலிலும் அமைந்துள்ளது. அதுவே டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்னும் நான்கு பொருள்களால் அது ஆகியது. இவற்றை ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளால் குறிப்பர். மனிதனின் மரபு வரிசை ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளை உடையது. அதனை ஒருவர் கண்ணால் படித்து எண்ணி முடித்தல் இயலுமோ? இயலாது. ஆதலின் உயிரியலறிஞர் கணிப்பொறியின் துணையை நாடினர்.

கணிப்பொறி விரைவுடையது, எனினும் தானாகச் சிந்திக்கும் இயல்பினதன்று. செய்ய வேண்டுவதைப் படிப்படியாக எழுதித் தருதல் வேண்டும். அவ்வாறு எழுதுவதே நிரல். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த 'பைத்தான்' என்னும் நிரல்மொழி தொடக்க மாணவர்க்கு எளியது. உயிரியல் கற்கும் மாணவர் அதனைத் தம் பாடத்தைக் கொண்டே பயிலலாம்.

'ஏடிஜி சிசிஏ டிடிஜி டிஏஏ' என்னும் பன்னிரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்வோமாயின், முதற்பாடம் எண்ணுதல். வரிசையின் தொடக்கம் முதல் இறுதிவரை ஒவ்வோர் எழுத்தாகப் பார். அது ஏ எனில் ஏயின் கணக்கில் ஒன்று கூட்டு. இன்றேல் அடுத்த எழுத்துக்குச் செல். இக்கட்டளையில் திரும்பத் திரும்பச் செய்தல், நிபந்தனை, கணக்கை நினைவில் வைத்தல் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. விடை ஏ நான்கு, டி நான்கு, ஜி இரண்டு, சி இரண்டு என வரும். பன்னிரண்டு எழுத்துக்கு எழுதிய அதே நிரல் பல கோடி எழுத்துக்கும் பயன்படும்.

அடுத்த பாடம் பொருள் காணுதல். உயிரணு இவ்வெழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கிறது. நான்கெழுத்தால் அமையும் மூவெழுத்துச் சொற்கள் 64. அவற்றுள் 61 சொற்கள் இருபது அமினோ அமிலங்களைக் குறிப்பன. மூன்று சொற்கள் 'நிறுத்துக' என்னும் குறிப்பைத் தருவன. இவ்வகராதியைக் கண்டறிந்த பணிக்காக, பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, நிரென்பர்க், ஹாலி ஆகிய மூவரும் 1968ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். இவ்வகராதியைக் கணிப்பொறியில் எழுதிவைத்துத் தேடச் செய்தால், மேற்கண்ட வரிசை மெதியோனைன், புரோலைன், லியூசைன், நிறுத்துக என்று படிக்கப்பெறும்.

இங்கே விழிப்பு வேண்டும். பைத்தான் மொழி இடங்களை ஒன்றிலிருந்து எண்ணுவதில்லை, சுழியத்திலிருந்து எண்ணும். இதனை மறந்த மாணவன் 'ஒன்றாம் இடத்திலிருந்து படி' என்று ஆணையிட்டால், முதலெழுத்து விடுபட்டுவிடும். வரிசை 'டிஜிசி சிஏடி டிஜிடி' என்று பிரியும். சிஸ்டைன், ஹிஸ்டிடின், சிஸ்டைன் என்னும் முற்றிலும் வேறான விடை வரும். நிறுத்தற் குறியும் மறைந்துபோம். கணிப்பொறியோ அம்மூன்றையும் ஐயமின்றி அச்சிடும். இயற்கையிலும் இப்பிழை உண்டு. மரபு வரிசையில் ஓரெழுத்து விடுபடின், அதன் பின்வரும் சொற்கள் யாவும் மாறிப் புரதம் பயனற்றுப் போதல் கூடும். நிரலில் நேர்ந்த பிழையால் உயிரின் இயல்பொன்று விளங்குதல் இக்கல்வியின் நலமாகும்.

இக்கல்வியால் உழவர்க்குப் பயன் யாது? ஆலங்குடியை அடுத்த வம்பனில் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இயங்கி வருகிறது. உளுந்தைத் தாக்கும் நோய்களுள் மஞ்சள் தேமல் நோய் கொடியது. இலைகள் மஞ்சளாகிச் செடி நலியும், காய்ப்புக் குன்றும். வெள்ளை ஈ இந்நோயைச் செடிக்குச் செடி கொண்டுசெல்கிறது. நோய்க்குக் காரணமான நச்சுயிரியின் மரபு வரிசை இரு துண்டுகளாய், துண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,700 எழுத்துகளை உடையது. ஓரிடத்து இலையில் கண்ட வரிசையும் மற்றோரிடத்து வரிசையும் எங்கெங்கு வேறுபடுகின்றன என்பதை நிரல் நொடியில் காட்டும். நோயைத் தாங்கும் உளுந்து வகைகளை வம்பன் மையம் உருவாக்கியுள்ளது. நச்சுயிரி மாறுந்தோறும் அத்தாங்கும் ஆற்றலும் மீண்டும் சோதிக்கப்படுதல் வேண்டும். ஆகவே அவ்வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது.

நிரல் மட்டும் பயிரைக் காவாது. வயலில் இலையை நோக்கும் கண்ணும், ஆய்வகத்தில் உழைக்கும் கையும், விடையை ஆராயும் அறிவும் உடன் வேண்டும். பன்னிரண்டு எழுத்தைப் பிழையின்றி எண்ணக் கற்றவனே பல்லாயிரம் எழுத்தையும் நம்பத்தக்கவாறு எண்ணுவான். சிறு கணக்கைக் கையால் செய்து, கணிப்பொறியின் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பெருங்கணக்கை அதனிடம் ஒப்படைத்தல் அறிவுடைமையாகும்.