கள்ளிப்பழம்: அறிந்து உண்ணல்

கடைத்தெருவில் ‘டிராகன் பழம்’ என்று விற்கப்படும் இளஞ்சிவப்புப் பழத்தை இன்று நம் இல்லங்களிலும் வாங்கி உண்கிறோம். அது கள்ளியினத்துக் கொடி ஒன்றின் பழம் என்பதைப் பலர் அறியார். 2021ஆம் ஆண்டு குஜராத் அரசு அதற்குக் ‘கமலம்’ என்று பெயர் சூட்டிற்று; பெயர் மாறினும் இனம் அதுவே. இதனைத் தயங்காது உண்ணும் நாம், வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைக் குழந்தை பறித்து வந்தால் பதறுகிறோம். அறியாத பழத்தை உண்ணலாகாது என்பது நம் முன்னோர் விதி. ஆதலின் முதற்கண் அறிவோம்.

தமிழில் ‘கள்ளி’ என்னும் ஒரே சொல் தொடர்பற்ற இரு குடும்பங்களுக்கு வழங்குவதே குழப்பத்திற்குக் காரணம். சங்கப் பாடல்களின் பாலை நிலத்துக் கள்ளி, பால் சுரக்கும் கள்ளியாகும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியன அவ்வகையின. அவற்றின் பால் நஞ்சு. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்தினின்று கடல் கடந்து வந்தது. கொலம்பசின் பயணத்திற்கு முன் நம் மண்ணில் அது இருந்ததில்லை.

பால் வருகிறதா என ஒடித்துப் பார்க்கச் சொல்வார் உளர். சோதனைக்காக ஓரறிவுயிரை ஊறுபடுத்துதல் தேவையன்று, கண்ணே போதும். சதுரக்கள்ளியின் தண்டு மூன்று முதல் ஐந்து விளிம்புகள் கொண்டது. அவ்விளிம்புகளில் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். சப்பாத்திக்கள்ளியின் தண்டு தட்டையானது, பெயருக்கேற்ப அடை போன்றது. அதன்மேல் ஆங்காங்கே சிறு மெத்தை போன்ற புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நெடுமுட்கள் கொத்தாகப் புறப்படும். அவற்றின் அடியில் மயிரினும் நுண்ணிய சுணை செறிந்திருக்கும். பூ பெரிது, மஞ்சள் நிறம். பழுத்த கனி கருஞ்சிவப்பாய், உச்சி குழிந்து காணும்.

பல்லாண்டுகளுக்கு முன் நாம் மாணவியரைச் செடிகொடிகளைக் காண அழைத்துச் சென்றபோது, ஒருத்தி சதுரக்கள்ளியின் இளந்தண்டைப் பிரண்டையென்று எண்ணி ஒடித்துவிட்டாள். பால் பட்ட விரலால் கண்ணையும் கசக்கினாள். இரண்டு நாள் அவளால் கண் திறக்க இயலவில்லை. பார்வை தப்பியது நல்வினைப் பயனே. புறப்படுமுன் எச்சரியாதது நம் பிழை. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் தாய்ப்பால் விடுதல், எண்ணெய் விடுதல் ஆகிய கைவைத்தியங்களை நாடற்க. தூய நீரால் கால்மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் மருத்துவரிடம் செல்க.

பறிக்கும் முறையை இனிக் காண்போம். முதலில் தண்டை நோக்குக. பஞ்சொட்டியது போன்ற வெண்திட்டுகள் தென்படின் அச்செடியைத் தொடாதீர். அவை பூச்சிகளின் குடியிருப்பு. விரல் பட்டாலே நசுங்கிச் சிவப்புச் சாறு கசியும். அச்சாற்றின் பொருட்டே இவ்வினப் பூச்சிகள் நம் நாட்டிற்குக் கொணரப்பட்டன. 1795இல் நீல்சன் என்னும் கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்குக் கொண்டுவந்தவை சாயத்திற்குப் பயன்படவில்லை. கள்ளியைத் தின்று தீர்த்தன. பின்னர் 1926இல் தென்னிந்தியாவில் மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிப்பதற்கென்றே வேறொரு வகை இலங்கையினின்று வருவிக்கப்பட்டது. சாயம் தரும் பூச்சியினின்று எடுப்பதே ‘கார்மைன்’ எனப்படும் சிவப்பு நிறமி. ஒரு பவுண்டு உலர்ந்த பூச்சிக்கு ஏறத்தாழ 70,000 உயிர்கள் மடிகின்றன. அயல்நாட்டு இனிப்புப் பொட்டலத்தில் நிறமி எண் 120 என்று கண்டால் அது இதுவே. நம் இல்லத்தரசியர் இவ்வெண்ணை நினைவிற் கொள்ளல் நலம்.

பூச்சியற்ற செடியில் நன்கு பழுத்த கனியை இடுக்கியால் பற்றித் திருகுக, வெறுங்கை கூடாது. கோணிச் சாக்கில் இட்டு உருட்டினால் சுணை பெரும்பாலும் நீங்கும். பின்னரும் கனியை முள்கரண்டியால் குத்திப் பிடித்து, இரு முனைகளையும் அரிந்து, தோலைத் தடிப்பாகச் சீவுக. பிளந்து பார்த்தால் நடுவே விண்மீன் போன்றதொரு முள் தெரியும். சிற்றூர்ச் சிறுவர் அதனைத் ‘தொண்டை முள்’ என்பர்; அதனை அகற்றாமல் வாயிலிடலாகாது. விதைகள் கல்போல் கடினமானவை. மிகுதியாக விழுங்கினால் மலச்சிக்கல் உண்டாகும். ஆதலின் சாறாகப் பிழிந்து வடிகட்டிக் கொள்க. பருகிய பின் சிறுநீர் சிவந்தால் அஞ்சற்க. அது கனியின் நிறமே. நீரிழிவிற்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டே பருகுக. இவை யாவும் பகலொளியிலேயே செய்யத்தக்கவை. சுணையும் சிற்றுயிரும் விளக்கொளியில் கண்ணுக்குத் தப்பும்.

மெக்சிகோ நாட்டவர் இளந்தண்டையே முள் நீக்கிக் காய்கறியாகச் சமைக்கின்றனர். உடலுக்கு அது தீங்கன்று. நமக்கு ஆகுமா? நேமிசந்திர ஆசாரியர் தம் கோம்மடசாரத்தில், வெட்டியபின் மீண்டும் வளர்வதை, எண்ணிறந்த உயிர்கள் ஓருடலைப் பகிர்ந்து வாழும் தாவரத்தின் அடையாளங்களுள் ஒன்றாகக் கூறுகின்றார். சப்பாத்திக்கள்ளியின் ஒரு துண்டு மண்ணில் விழுந்தாலும் வேர்விட்டுச் செடியாகும். சமந்தபத்திர ஆசாரியரோ பயன் சிறிதும் உயிர்க்கேடு பெரிதுமானவற்றை விலக்குக என்று இஞ்சியையும் முள்ளங்கியையும் எடுத்துக்காட்டினார். ஆகவே இளந்தண்டு நம் அடுக்களைக்கு உரியதன்று என்பதே நம் கருத்து. கீரையும் அவரையும் கிடைக்கும் ஊரில் அதற்குத் தேவையும் இல்லை.

பழத்தின் நிலை சற்று நுட்பமானது. அதன் தோற்பகுதி தாவரவியலின்படி தண்டின் நீட்சியே. முழுப் பழத்தை மண்ணில் ஊன்றினால் தோலின் புள்ளிகளிலிருந்தே துளிர்விடுவதுண்டு. எனவே தோலைத் தடிப்பாகச் சீவுக என்றது சுணைக்காக மட்டுமன்று. உட்சதையின் சாற்றை இல்லறத்தார் கொள்ளலாம் என்றே நாம் கருதுகிறோம். பலவிதைக் கனிகளை விலக்குவதாக விரதம் பூண்டோர் இதனையும் விலக்குக. அவர்கள் டிராகன் பழத்தையும் அவ்வாறே விலக்க வேண்டும். அதன் வெண்சதையில் எள்போல் நிறைந்திருப்பவை விதைகளே அல்லவா?

சீவிய தோலை எருக்குழியில் இடாதீர், முளைத்துவிடும். மாடு கன்று நடமாடும் இடத்தில் எறிந்தாலோ சுணை அவற்றின் நாவில் தைக்கும். பாறைமேல் வெயிலில் பரப்பிச் சருகாகும்வரை உலரவிடுக.