மீனுக்கு இரை, நீருக்கு எரு

மேலூர், திருமங்கலம் பகுதிகளில் பண்ணைக்குட்டையில் கெண்டை மீன் வளர்ப்போர் பலர், சாணம் கரைத்துவிட்டால் மீன் அதைத் தின்று வளரும் என்று நினைக்கின்றனர். கட்லா சாணத்தைத் தின்பதில்லை. வயலில் மண்ணுக்கு எரு இட்டு, மண் பயிரை வளர்ப்பதுபோல, இங்கே நீருக்கு எரு இடுகிறோம்.

சாணம் நீரில் மக்கும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அதிலிருந்து வெளிப்படும் சத்துக்களைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வளர்ந்து நீர் பசுமையாகிறது. இவற்றைத் தின்று, கடுகினும் சிறிய தண்ணீர்ப் பூச்சிகள் பெருகுகின்றன. ஒரு கண்ணாடிக் குவளையில் குட்டை நீரை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். துள்ளித் துள்ளி நீந்தும் வெண்புள்ளிகளே அவை. மீன் குஞ்சுகளுக்கும் கட்லாவுக்கும் முதன்மையான இரை இவைதான். பிச்சாவரம் கழிமுகத்திலும் இதே கதைதான். அங்கே அலையாத்தி மரங்களின் இலைகள் மக்குகின்றன. அவற்றை நம்பிப் புழுவும் இறாலும் வாழ, அவற்றை மீன் தின்கிறது.

எந்த மீன் எங்கே மேயும் என்பதை அதன் வாயே சொல்லும். கட்லாவின் வாய் மேல்நோக்கியிருக்கும். அது மேல்மட்டத்தில் தண்ணீர்ப் பூச்சிகளைத் தின்னும். ரோகு நடுமட்டத்தில் பாசியையும் மக்கிய தாவரங்களையும் தின்னும். மிர்கால் அடிமட்டத்தில் மக்கிய பொருள்களைத் தேடும். சாதாக் கெண்டை சேற்றைக் கிளறிச் சிவப்பு நிற இரத்தப் புழுக்களைத் தின்னும். ஆனால் கரையையும் பறித்துவிடும். ஆகவே மண்கரைக் குட்டைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. நெகிழித் தாள் விரித்த குட்டையில் சேறும் அதிலுள்ள புழுக்களும் குறைவு; அங்கே மிர்காலையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

25 சென்ட் குட்டைக்கு 500 குஞ்சுகள் போதும். மண் குட்டையில் கட்லா 200, ரோகு 150, மிர்கால் 150 என விடலாம். ஒரே இனத்தை விட்டால் ஒரு மட்டத்து இரைக்கு எல்லா மீனும் போட்டியிட, மற்ற மட்டங்களின் இரை வீணாகும்.

குஞ்சு விடுமுன் 20 முதல் 25 கிலோ சுண்ணாம்பு இட்டு, ஒரு வாரம் கழித்துச் சுமார் 200 கிலோ பச்சைச் சாணத்தைக் கரைத்துவிட வேண்டும். நீர் பசுமையான பின்னரே குஞ்சுகளை விட வேண்டும். அதன்பின் நீரைப் பார்த்துத்தான் எரு. நண்பகலில் முழங்கை வரை கையை நீரில் விடுங்கள். முழங்கை மூழ்கும்போது உள்ளங்கை மறைந்தால் இரை போதுமானது. மணிக்கட்டு மூழ்கியவுடனே மறைந்தால் எருவை நிறுத்துங்கள். முழங்கை மூழ்கியும் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் மேலும் சாணம் இடலாம். மழையில் செம்மண் கலங்கிய நாளில் இச்சோதனை ஏமாற்றும்.

சாணம் மிகுந்தால் நஷ்டம் ஒரே இரவில் வரும். மக்கும் சாணமும் பாசியும் இரவில் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவித்தால், உடனே கிணற்று நீரை உயரத்திலிருந்து விழும்படி பாய்ச்சுங்கள். பம்புசெட் ஓடவில்லையென்றால், இறங்கி மட்டையால் நீரை அடித்துக் கலக்குங்கள். நீர் தெளியும் வரை சாணமும் தவிடும் போட வேண்டாம்.